பக்கத்து சீட்டின் பெல்ட்

கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோதுதான் ரிஹோ அந்தச் சத்தத்தைக் கவனித்தான். டிங். ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி டிங். பெல்ட் போடாமல் கிளப்பினால் எல்லாக் காரும் போடுகிற சத்தம்தான், ஆனால் அவன் காரில் அது வரக் கூடாது. கடல்மேல் போட்ட பனிப்பாதையில் பெல்ட் போடக் கூடாது என்பது சட்டம். ஐஸ் உடைந்தால் கதவைத் திறந்து பாய்ந்துவிட வேண்டும், பெல்ட்டோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது. அதற்காக இருபத்தாறு கிலோமீட்டரும் அந்த டிங் டிங்கை யார் கேட்டுக்கொண்டு போவது? ஹீயுமா தீவுக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்திருந்தான். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பூட்டில் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காரும் ஏமாந்துபோய் வாயை மூடிக்கொள்ளும்.

இன்றைக்கு மூடவில்லை. வேகமுள்ளுக்குக் கீழே சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. அது அவனுடைய விளக்கு அல்ல, பக்கத்து சீட்டுடையது. அந்த சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் அது எரியும்.

கேட் காவலர் ஹெல்துர் கண்ணாடியைத் தட்டினார். காது மறைக்கும் குல்லாய்க்குள்ளிருந்து அவருடைய சிவந்த மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"என்னடா ரிஹோ, இந்தச் சப்பை வண்டியிலயா கடலைத் தாண்டப் போற? பனி உன் வண்டி வயித்தையே சொறிஞ்சு விட்ருமே."

"கப்பல்தான் ரெண்டு நாளா ஓடலையே அண்ணே, கடல்ல தண்ணி எறங்கிப் போய் தரை தட்டுது."

"பெல்ட் கழட்டியாச்சா?"

"ஆச்சு."

"அப்புறம் என்ன கத்துது?"

"சீட்டுல பையை வெச்சிருக்கேன், அந்த கனம்தான்." ரிஹோ பையை எடுத்துப் பின்சீட்டில் போட்டான். டிங். டிங்.

ஹெல்துர் சிரித்தார். "தண்ணி குடிச்ச வண்டியாச்சே, ஒயரெல்லாம் கண்டபடி உளறத்தான் செய்யும். நாங்க அன்னிக்கே சொன்னோம், உருக்கக் குடுத்துடு, இதெல்லாம் வெச்சுக்க வேணாம்னு..." பாதியில் நிறுத்திவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தார். "இன்னியோட ஒரு வருஷமில்ல?"

"ஆமாண்ணே."

"லீலோவைப் பாக்கப் போறியா?"

"கூப்பிட்டா. காப்பிக்கு வான்னு."

"போயிட்டு வா. இருபத்தஞ்சுக்குக் கீழ போ, இல்லன்னா நாப்பதுக்கு மேல போ. நடுவுல மட்டும் வேணாம். நிக்காதே, திரும்பாதே. நீதான் கடைசி வண்டி, நீ எறங்கினதும் கேட்டைப் பூட்டிட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

அந்த விதி தீவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கார் போகும்போது அதன் கனத்தில் ஐஸுக்கு அடியில் ஓர் அலை எழும். இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் ஓட்டினால் அந்த அலையும் காரும் ஒரே வேகத்தில் போகும், அலை பெருத்துக்கொண்டே வந்து ஐஸைக் கீழேயிருந்து பிளக்கும். நின்றாலும் ஆபத்துதான், கனம் ஒரே இடத்தில் அழுத்தும். ஆகவே கடல்மேல் இறங்கிய கார், மறுகரை ஏறும்வரை போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும்.

ரிஹோ இறங்கினான்.

ஐம்பத்தைந்தில் வைத்தான். ஆணி பதித்த டயர்கள் ஐஸைக் கடித்து நறநறவென்று அரைத்துக்கொண்டு வந்தன. டர்போ பின்னணியில் மெல்லச் சீழ்க்கையடித்தது. பாதை காட்டுவதற்காக இருபக்கமும் ஐஸில் துளைபோட்டு நட்ட ஊசியிலைச் செடிகள் வரிசையாக வந்து வந்து பின்னால் போயின. வானம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத வெள்ளை. இப்படிப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலம் முழுக்கத் துணிபோட்டு மூடிவைக்கிற பணக்காரர்களை ரிஹோவுக்குப் பிடிக்காது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, பனியில் ஓடத்தான் பிறந்தது என்பான். அதற்காக அவன் படுகிற பாடும் கொஞ்சமல்ல. இரவெல்லாம் எஞ்சினுக்குச் சூடேற்றும் ஒயரைச் செருகிவைப்பான், கதவு ரப்பர்கள் உறையாமல் மருந்து தடவுவான், நிறுத்துமுன் டர்போ ஆறட்டும் என்று இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுவான். கடல் தாண்டிய ஒவ்வொரு நாளும் குனிந்து படுத்து, காரின் அடிவயிற்று உப்பை வெந்நீரால் கழுவுவான். பெற்ற பிள்ளைக்கு இத்தனை செய்வானா என்பது சந்தேகம்தான்.

போன வருடம் கடலிலிருந்து தூக்கிய காரை, ஊரே வேண்டாமென்று சொல்லியும், மூன்று மாதம் கொட்டகையில் அடுப்பு மூட்டி உலர்த்தி உயிர் கொடுத்தான். சீட்டுகளைக் கழற்றி நுரையைப் பிழிந்து காயவைத்தான். ஒயர்களை மாற்றினான். பக்கத்து சீட்டின் பெல்ட் மட்டும் வேறு காரிலிருந்து எடுத்துப் போட்டது. பழைய பெல்ட்டை முக்குளிப்பவர்கள் அறுத்துத்தான் அவன் நண்பன் அய்வோவை வெளியே எடுத்தார்கள். பூட்டு பழையதுதான். நன்றாக இருக்கிற பொருளை ஏன் தூக்கிப் போட வேண்டும் என்று அப்போது நினைத்தான்.

டிங். டிங்.

ரேடியோவைப் போட்டான். பாட்டுக்கு நடுவிலும் அது கேட்டது. அணைத்தான். அணைத்த பிறகு சத்தம் கொஞ்சம் பெருத்ததுபோல் இருந்தது.

ஆறு கிலோமீட்டர் தாண்டியிருப்பான். மூக்கில் ஏதோ நெருடியது. கடல் அடிச் சேற்றின் வாடை, ஈரக் கம்பளியின் வாடை. அந்த வாடையைப் போக்க எத்தனை பாட்டில் மருந்து ஊற்றினான், எத்தனை நாள் காப்பித் தூளைக் கிண்ணத்தில் வைத்தான் என்று அவனுக்குத்தான் தெரியும். கோடையிலேயே போய்விட்டது. சூடான காற்று பட்டால் பழைய நாற்றம் கிளம்பும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு சூட்டைக் குறைத்தான். குளிர் ஏறியது. வாடை குறையவில்லை.

பக்கத்துக் கண்ணாடி மங்கத் தொடங்கியது. அவன் பக்கம் தெளிவாக இருந்தது, முன் கண்ணாடியும் தெளிவாகத்தான் இருந்தது. பக்கத்து சீட்டின் ஜன்னலில் மட்டும், ஒரு ஆளின் வாய் இருக்கும் உயரத்தில், தட்டளவுக்கு வட்டமாக ஆவி படிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொஞ்சம் சுருங்கியது. பிறகு விரிந்தது. மறுபடி சுருங்கியது.

ரிஹோ பாதையைப் பார்த்தான். பாதையை மட்டும் பார்த்தான்.

நிறுத்த முடியாது. திரும்ப முடியாது, கேட் பூட்டியாகிவிட்டது. கதவைத் திறந்து இறங்கி ஓடலாமென்றால் ஐம்பத்தைந்தில் போகிற காரிலிருந்து எங்கே இறங்குவது? இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். கால்மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அது என்ன பெரிய நேரமா என்று சத்தமாகவே கேட்டுக்கொண்டான். தன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

டிங். டிங். டிங்.

இதை நிறுத்த ஒரே வழிதான் இருக்கிறது. காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டால் கார் வாயை மூடும். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை அந்தப் பக்கம் நீட்டினான். பாதி தூரம் போன கை அப்படியே நின்றது.

போன வருடமும் இதே கைதான் நீண்டது.

அய்வோ சிரித்துக்கொண்டிருந்தான். செடி வரிசையைத் தாண்டி வெளியே போய், கடல்மேல் காரை வட்டமாகச் சறுக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ரிஹோ யாரிடமும் மறைக்கவில்லை. அதற்கு அபராதம் கட்டினான், ஆறு மாதம் லைசென்சைப் பறிகொடுத்தான். அய்வோவின் கோட்டு மொத்தமானது, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்ட அவனால் முடியவில்லை. அதனால் கார் ஓயாமல் கத்தியது. "ஒழுங்கா முன்னாடியே போட்டுத் தொலைடா, காது வலிக்குது" என்றான் ரிஹோ. "ஐஸ்மேல பெல்ட்டா? எங்க அக்கா தோலை உரிச்சிடுவா" என்றான் அய்வோ. "ரெண்டு நிமிஷத்துல செத்தா போயிடுவே?" என்று கேட்டுக்கொண்டே ரிஹோ எட்டி, பெல்ட்டை இழுத்து, அவனே மாட்டினான். டக். சத்தம் நின்றது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

பிறகு ஐஸ் திறந்தது. கோட்டின் ஓரம் பூட்டுக்குள் சிக்கியிருந்தது. சிவப்புப் பொத்தானை ரிஹோ மூன்று தடவை அழுத்தினான். மூன்றே தடவை. அய்வோ அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியை உதறிவிட்டுத்தான் ரிஹோ ஜன்னல் வழியாக வெளியேறினான்.

தீவுக்காரன் ஐஸ்மேல் ஏன் பெல்ட் போட்டிருந்தான் என்று எல்லோரும் கேட்டார்கள். அவனே போட்டுக்கொண்டான், நான் கவனிக்கவில்லை என்று ரிஹோ எல்லோரிடமும் சொன்னான்.

போன் ஒலித்தது. ரிஹோ துள்ளிவிட்டான். திரையில் லீலோ, அய்வோவின் அக்கா. ஸ்டியரிங்கில் இருந்த பொத்தானை அழுத்தினான். மனிதக் குரல் எதுவாக இருந்தாலும் சரி என்றிருந்தது.

"எங்கடா இருக்கே? கரையில வண்டி விளக்கைப் போட்டுட்டு நிக்கறேன். ஏலக்காய் ரொட்டி ஆறிப் போகுது."

"வந்துட்டே இருக்கேன் அக்கா. முக்காவாசி தாண்டிட்டேன்."

"அது என்ன சத்தம்?"

"பெல்ட் சத்தம். ஒயர் கெட்டுப் போச்சு."

காற்று அவள் போனில் உரசியது.

"ரிஹோ, நீ வந்து உக்காந்தப்புறம் கேக்கலாம்னுதான் இருந்தேன். மூஞ்சியப் பாத்து என்னால கேக்க முடியாது, அதனால இப்பவே கேட்டுடறேன். எனக்குக் கோபமில்ல. ஒரு வருஷமா தூக்கமில்ல, அவ்வளவுதான். அவனை ஐஸ் மேல வளத்தவ நான். பெல்ட்டை அவனா போட்டிருக்கவே மாட்டான். என்னடா நடந்துச்சு?"

சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. ரிஹோ வாயைத் திறந்தான். பக்கத்துக் கண்ணாடியில் அந்த வட்டம் விரிந்தபடியே நின்றது, சுருங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல.

"அவனேதான் போட்டுக்கிட்டான் அக்கா," என்றான் ரிஹோ. "நான் கவனிக்கல."

டக்.

சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"நின்னுடுச்சே," என்றாள் லீலோ. "பெல்ட் போட்டாச்சா?" பிறகு, மெதுவாக: "ரிஹோ... வண்டியில உன்கூட யாரு?"

அவன் திரும்பிப் பார்த்தான். காலி சீட்டின் குறுக்கே பெல்ட் பூட்டியிருந்தது. தளர்ந்து தொங்கவில்லை. அகலமான ஒரு மார்பைச் சுற்றி வந்ததுபோல் வளைந்து, சீட்டைத் தொடாமல் முன்னால் புடைத்து நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான்தான் மாட்டினேன்!" என்று கத்தினான். "அக்கா, நான்தான்! நான்தான் மாட்டிவிட்டேன்!"

போன் எப்போதோ அறுந்துவிட்டிருந்தது.

தூரத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. லீலோவின் கார். மூன்று கிலோமீட்டர் இருக்கும். நான்காகவும் இருக்கலாம். மிதித்தான். எஞ்சின் உறுமியது. முள் ஏறவில்லை.

டிங்.

மீட்டருக்குக் கீழே மறுபடி சிவப்பு. இந்தத் தடவை பக்கத்து சீட்டு அல்ல. அவனுடைய விளக்கு.

முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்த பெல்ட் கழன்றிருந்தது. அது நகர்வதை முதுகுத்தண்டில் உணர்ந்தான். அவசரமில்லாமல் ஊர்ந்தது. தோளைத் தாண்டியது. ஈரம். கழுத்தோரம் வந்தது. மார்பின் குறுக்கே இறங்கியது. ஒரு கையால் பிடித்துத் தள்ளினான். அதன் மறுமுனையில் பலமிருந்தது. காது வலிக்கிறது என்றவனுக்கு உதவி செய்கிற பலம்.

டிங். டிங். டிங்.

டக்.

அமைதி.

பொத்தானை அழுத்தினான். ஒன்று. கோட்டின் ஓரம் பூட்டுக்குள் சிக்கியிருந்தது. இரண்டு. மூன்று.

மிதி தரையோடு தரையாக அழுந்திக் கிடக்க, முள் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஐம்பது. நாற்பத்திரண்டு. முப்பத்தைந்து. அங்கே நின்றது. ஆடாமல், அசையாமல், பொறுமையாக முப்பத்தைந்திலேயே நின்றது. காரின் அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ ஒன்று மெல்ல நிமிர்ந்து, காரோடு சேர்ந்து வரத் தொடங்கியது. முன்னால் லீலோவின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்துக் கண்ணாடியில் அந்த வட்டம் சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது. ஈரமான ஒரு கை, குளிர்ந்த விரல்களால், ரிஹோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.