துடைத்த புள்ளி

1999 ஏப்ரல் 12, பெங்களூர். தென்துருவப் பனிப்பரப்பை ஆண்டுக்கொரு முறை காட்டும் செயற்கைக்கோள் படங்களில், அந்த ஆண்டின் படத்தில் மட்டும் புள்ளி இல்லை.

வித்யாலட்சுமிக்கு அது உறுத்தியது. பனி எங்கே முடிகிறதென்று படத்தில் கோடு போடுவது அவள் வேலை. வெண்மைக்கு நடுவே ஒற்றைக் கறுப்புப் புள்ளி தென்பட்டால், கருவியின் பிழையென்று துடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஒன்று இருந்தது. துடைத்தவள் அவள்தான்.

அந்தப் பனியில்தான் 1991இல் அவள் தம்பி ஹரிஷ் காணாமல்போனான். வானிலைக் குழுவோடு போனவன், புயலில் கூடாரத்தைவிட்டு வெளியே வந்தான், திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் ஒக்கலிபுரம் வீட்டில் அவன் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது இடதுகால் செருப்பைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வருகிறவன். வாசலில் எவர் செருப்பு கவிழ்ந்து கிடந்தாலும் அம்மா இப்போதும் நின்றுவிடுவாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய பொறுப்பாளர் டென்சில், அவள் திரையை எட்டிப் பார்த்தார்.

“இன்னும் தம்பியத்தான் தேடுறீங்களா மேடம்? ஒரு புள்ளியே முப்பது மீட்டர். ஆளு எப்பிடித் தெரிவான்?”

“தெரியமாட்டான் சார்.”

“அப்ப ஊட்டாவுக்கு வாங்க.”

அவள் போகவில்லை. தூசி ஆகாதென்று எல்லோரும் செருப்பை வெளியே விட்டு வரும் அறை அது. உள்ளே யார் இருக்கிறார்களென்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஏசியின் ஒரே சுருதி முனகலும் சூடேறிய திரையின் வாசனையும் சூழ்ந்திருக்க, டேப்பிலிருந்த துடைக்காத மூலப் படங்களை எடுத்து, வெறுங்கால் விறைக்க விறைக்க, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

புள்ளிகள் வரிசையாக நின்றன. கூடாரம் இருந்த இடத்திலிருந்து வடக்கே. போன வருடப் புள்ளி பனியின் விளிம்பில். அதற்கப்பால் கடல்.

அவள் துடைக்கத் துடைக்க நடந்திருக்கிறான்.

“ஹரி,” என்றாள், திரையைத் தொட்டு.

ஏசி நின்றது. குளிர் நிற்கவில்லை. ஈரக் கம்பளியின் வாசனை. பின்னால், மிக அருகே, மூச்சு. திரும்பிப் பார்க்காமல் எழுந்தாள். சுவரைப் பிடித்தபடி நடந்தாள். கதவைத் திறந்தாள்.

வராந்தாவில் வெயில். அவள் செருப்பு. பக்கத்தில் ஒரு ஜோடி பனிக்காலணி.

இடதுகால் கவிழ்ந்து கிடந்தது. அதில் ஒட்டியிருந்த பனி உருகவில்லை.