ஈட்டுத் தூக்கம்

வேலை நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்ததற்காக வஞ்சிக்கொடிக்கு அன்று திட்டு விழுந்தது.

“ஏனம்மா, கூலி வாங்கறீங்கல்ல? கண்ண மூடிப் படுக்கறதுக்கு என்ன கேடு?” என்றார் கண்காணிப்பாளர் ஜெயசீலன். குரலை அடக்கித்தான் கேட்டார். கூடத்தில் மற்ற கட்டில்களில் எல்லாரும் வேலையில் இருந்தார்கள், அதாவது, தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பல்லு வலிங்க சார். கடவாப் பல்லு. நேத்தே புடிச்சுக்கிச்சு.”

“வலின்னா லீவு போட்டிருக்கோணும். இங்க வந்து விட்டத்தப் பாத்துட்டுக் கெடந்தா எப்படி? உங்க தேய்மானியப் பாருங்க, செவந்து கெடக்குது.”

வஞ்சி மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டையிலிருந்த சின்ன விளக்கு சிவந்துதான் இருந்தது. பச்சையாக இருந்திருக்க வேண்டும்.

தேய்மானி என்பது கையில் கட்டும் ஒரு பட்டை. வியர்வையையும் நாடியையும் தசையின் நடுக்கத்தையும் படித்து, ஓர் உடம்பு அன்றைக்கு எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு தேறியது என்று சொல்லிவிடும். அதை ஏமாற்றப் பார்த்துத் தோற்றவர்கள் திருப்பூரில் ஏராளம். தூங்குகிற நாயின் காலில் கட்டிப் பார்த்த ஆள்கூட உண்டு. நாய்க்குக் கூலி வரவில்லை. ஆளுக்கு அபராதம் வந்தது.

பசுமை அணி ஆட்சிக்கு வந்ததும் முதலில் நொய்யலுக்குத்தான் சட்டம் செய்தார்கள். ஆறு ஒரு நாளில் தேறக்கூடிய அளவுக்குத்தான் அதைத் தேய்க்கலாம். அதற்கு மேல் சாயம் இறங்கினால் சாயப்பட்டறையின் மின்சாரம் தானாக நின்றுவிடும். ஆறு பிழைத்துக்கொண்டது. மீன்கொத்தி வந்தது, மீன்கொத்தியைப் பார்க்கச் சனங்களும் வந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில், ஆற்றுக்குச் சரியென்றால் ஆளுக்கும் சரிதானே என்று அதே சட்டத்தை மனித உடம்புக்கும் நீட்டினார்கள். அதுவரை பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் என்பதுதான் ஊர் வழக்கம். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டரைக்கு எழுந்திருப்பது. அதற்குக் குறைந்ததைத் திருப்பூர்க்காரர்கள் வேலை என்றே ஒத்துக்கொள்வதில்லை. புதிய சட்டமோ, தேய்ந்த அளவுக்குக் கூலி கொடு, ஆனால் வரம்பைத் தாண்டி ஆளைத் தேய்க்காதே என்றது. தாண்டினால் அவர் தைக்கிற மிஷின் லைன் முழுவதற்கும் மின்சாரம் நிற்கும்.

நல்ல சட்டம். பிறகு ஒரே ஓர் உட்பிரிவுதான் சேர்ந்தது. சாயப்பட்டறைக்காரர்கள் வேறெங்கோ ஒரு குளத்தை யாரும் தொடாமல் காத்து வந்தால், அந்தக் குளம் தேறியதை ஆறு தேய்ந்ததோடு சேர்த்துச் சராசரி பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே ஒரு சலுகை இருந்தது. ஈட்டுக் குளம் என்பார்கள். பனியன் கம்பெனிகளும் அதே சலுகையைக் கேட்டு வாங்கின. தைக்கிறவர் தேய்ந்தால், ஈடாக இன்னொருவரைப் படுக்க வைத்துத் தேற்றினால் போதும். ஒரே வருடத்தில் ஊரெங்கும் ஓய்வகங்கள் முளைத்தன. ஓய்வாளர் என்று ஒரு வேலை பிறந்தது. வேலையில்லாதவருக்கு வேலை, அதுவும் ஓய்வு, அதற்கும் நியாயமான கூலி. எதிர்க்கட்சிக்காரர்களுக்கே வாயடைத்துப் போய்விட்டது.

வஞ்சி வெள்ளலை பனியன் கம்பெனியின் ஓய்வகத்தில் இருந்தாள். அவள் கணவன் திருமூர்த்தி அதே கம்பெனியில் ஓவர்லாக் தையல்காரன். ஒரே கம்பெனி, ஒரே வண்டி, வசதிதான் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

பல் வலித்த அன்று திருமூர்த்தி ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். எட்டரைக்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

“அஞ்சரைக்கே லைன்ல கரண்டு நின்னு போச்சு அம்மிணி. பக்கத்து லைனெல்லாம் ஓடுது, எங்களுது மட்டும் நின்னுக்கிச்சு” என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றப் போனான். மேல் பொத்தானே அவனுக்குப் பிடிபடவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயிருந்தன. வஞ்சிதான் போய்ப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். இப்படியே மிஷினில் உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் இந்தக் கை ஊசியைக்கூடப் பிடிக்காது என்று சுகாதார நிலைய டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தினமும் பயந்து செத்தது அந்தக் கையை நினைத்துத்தான்.

அடுத்த நாள் பல்லைப் பிடுங்கிவிட்டு, அதற்கடுத்த நாள் கட்டிலில் கட்டை போலத் தூங்கினாள். ஜெயசீலன் வந்து பாராட்டிவிட்டுப் போனார். அன்று திருமூர்த்தி ஒன்பது மணிக்குத்தான் வந்தான்.

சோறு போட்டுக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கட்டில் நான்காம் வரிசையில். அவன் உட்காருவது நான்காம் லைனில். வரிசைக்கு லைன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்! அவள் எவ்வளவு நன்றாகத் தூங்குகிறாளோ, அவனை அவ்வளவு நேரம் மிஷினில் உட்கார வைக்கலாம். இத்தனை நாள் தன் புருஷனின் கையைத் தானே படுத்துக்கொண்டு தேய்த்திருக்கிறாள்.

“மாமா, நா இனி அங்க தூங்க மாட்டேன்” என்றாள்.

அவன் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “கிறுக்கா உனக்கு? ஊட்டு வேல பாதில நிக்குது. மேல தளம் போட வேண்டாமா? நீ பேசாம தூங்கு.”

“தளத்த எந்தக் கையில தடவிப் பாப்பீங்க?”

அவன் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து வஞ்சி வெசனப்பட ஆரம்பித்தாள். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு கவலைப்படுவது. மூச்சு சீராக இருக்கும், உடம்பு அசையாது, ஜெயசீலன் வந்து பார்த்தால் தூங்குகிற மாதிரியே தெரியும். உள்ளே மட்டும் அந்த விரல்களை நினைத்துக்கொள்வாள். ஊசி நழுவுவதை நினைப்பாள், ஊசி விரலில் ஏறுவதை நினைப்பாள், கம்பெனி அவனை அனுப்பிவிட்ட பிறகு அவன் வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைப்பாள். தேய்மானி செவேலென்று ஆகிவிடும். அப்படி அவள் படுகிற பாட்டுக்கு நான்காம் லைன் ஐந்து மணிக்கே நின்றது. தையல்காரர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினார்கள். திருமூர்த்தி முதலில் முணுமுணுத்தான். பத்து நாளில் சுண்டுவிரலில் சூடு தெரிகிறது என்றான். அன்று பொத்தானை அவனே போட்டுக்கொண்டான். வஞ்சி அடுப்படிக்குப் போய் முகத்தை மூடி அழுதுவிட்டு வந்தாள்.

கம்பெனி சும்மா இருக்குமா? ஒரு கட்டில் மட்டும் தொடர்ந்து சிவப்பது ஏன் என்று மேலே எழுதிப்போட்டார்கள். தொழில்நலத் துறையிலிருந்து அதியமான் என்ற அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கினார். பசுமை அணியின் ஆரம்பகாலத் தொண்டர். நொய்யலுக்காக ஜெயிலுக்குப் போனவர். அந்த ஈட்டு உட்பிரிவை எழுதிய குழுவிலும் இருந்தவர்தான். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

“பயப்படாதீங்கம்மா. தூங்கலன்னு யாரையும் வேலைய விட்டு எடுக்க முடியாது, அதுக்கும் சட்டம் போட்டிருக்கோம். காரணத்த மட்டும் சொல்லுங்க.”

வஞ்சி ஒன்றையும் மறைக்கவில்லை. பல்வலியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

“உங்களுக்கு வேலை இருக்கு, நல்ல கூலி இருக்கு, ஓய்வும் இருக்கு. அவருக்கும் நல்ல கூலி. ஆறு சுத்தமா ஓடுது. சராசரியா பார்த்தா இந்த ஊர் உடம்பு முன்னவிட நல்லா இருக்கு. இதுல குறை எங்கம்மா?” என்று கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஓய்வு எனக்கு இருக்குதுங்க. வேணுங்கறது அவருக்குங்க.”

அதியமான் தலையை ஆட்டினார். “ரொம்ப வேதனையான விஷயம். சொந்தப் புருஷனுக்கு ஈடா சம்சாரத்தப் படுக்க வைக்கறது மனுஷத்தன்மை இல்ல. இது நாங்க யோசிக்காம விட்ட ஓட்டைதான். சரி பண்ணிடறேன்” என்றார். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, நல்ல மனிதர், கண்டிப்பாக வழி செய்வார் என்று வஞ்சி நம்பினாள்.

வழி செய்தார். அடுத்த மாதமே உறவு விலக்கு ஆணை வந்தது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் யாரும் ஒரே கம்பெனியில் தையலிலும் ஓய்விலும் இருக்கக்கூடாது. யார் யாருக்கு ஈடு என்பது இனி எந்த ஓய்வாளருக்கும் தெரியவரக் கூடாது. பத்திரிகைகள் தலையங்கம் எழுதின. உழைப்பவரின் மனநிம்மதியையும் காக்கும் அரசு இது என்றன. வஞ்சியை ஊரின் மறுகோடியிலிருந்த குருத்து பனியன் கம்பெனியின் ஓய்வகத்துக்கு மாற்றினார்கள். மெத்தை நன்றாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வெந்நீர் கொடுத்தார்கள். முதல் வாரம் புது இடத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டாவது வாரம் பிடித்துக்கொண்டது.

திருமூர்த்தி மறுபடி ஒன்பது மணிக்கு வர ஆரம்பித்தான். சுண்டுவிரலில் வந்த சூடு போய்விட்டது.

ஒருநாள் காலை வண்டி நிறுத்தத்தில் அவளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பெண் வந்து நின்றாள். பாரிஜாதம் என்று பேர் சொன்னாள். கலகலப்பான ஆள், வண்டி வருவதற்குள் தன் கதையையே சொல்லி முடித்துவிட்டாள்.

“நா முன்ன குருத்துல இருந்தனுங்க. இந்த ஆணை வந்தப்பொறவு என்னைய வெள்ளலைக்குத் தாட்டி உட்டுட்டாங்க. நல்ல எடம். நாலாவது வரிசைல கட்டிலு. படுத்தா எந்திரிக்கத் தெரியறதில்ல. எச்சாக் கூலி வேற வருது!”

வஞ்சிக்கு அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. “உங்கூட்டுக்காரரு எங்கங்க?” என்று கேட்டாள்.

“குருத்துலயேதானுங்க. காலர் வெக்கறாரு. இடுப்பு போயிருச்சு, குனிய முடியல. முன்னெல்லாம் நா அவரு நெனப்புல முழிச்சே கெடப்பனா, சீக்கிரம் உட்டுருவாங்க. இப்ப எந்த மகராசியோ எம்பட கட்டிலுக்கு வந்து நல்லாத் தூங்கறா போல, மனுசன் ஊட்டுக்கு வாறப்ப பாதி உசுரு இல்ல.”

சொல்லிவிட்டுத்தான் பாரிஜாதம் வஞ்சியின் சட்டையில் குத்தியிருந்த குருத்து கம்பெனி வில்லையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“எங்கூட்டுக்காரரு வெள்ளலையில நாலாம் லைனுங்க. அவருக்கு வெரலு மரத்துப் போச்சுங்க” என்றாள் வஞ்சி.

பாரிஜாதம் அவள் கையைப் பிடித்தாள். “அக்கா, இப்படிப் பண்ணலாமுங்களா? நா உங்கூட்டுக்காரருக்காவ முழிச்சிருக்கறேன். நீங்க எங்கூட்டுக்காரருக்காவ முழிச்சிருங்க.”

“சத்தியமா?”

“எம்பட கொழந்த மேல சத்தியமுங்க.”

வஞ்சியும் சத்தியம் செய்தாள். வாய்வார்த்தையாகச் செய்யவில்லை, மனசாரச் செய்தாள். இரண்டு வண்டிகளும் வந்தன; ஆளுக்கொன்றில் ஏறிக்கொண்டார்கள்.

கட்டிலில் படுத்ததும் வஞ்சி வேலையைத் தொடங்கினாள். பாரிஜாதத்தின் புருஷனை நினைத்தாள். அவனை அவள் பார்த்ததில்லை. தானே ஒரு முகம் வைத்துப் பார்த்தாள். அது யாரோ ஒருவருடைய முகமாகத்தான் இருந்தது. குனிய முடியாத இடுப்பை நினைத்தாள். பாவம் என்று தோன்றியது. உண்மையாகவே பாவமாக இருந்தது. ஆனால் முன்பு திருமூர்த்தியின் விரலை நினைத்த மாத்திரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அது இப்போது வரவில்லை. அந்த விரலையே நினைத்துக்கொள்ளலாம் என்றால், அதைப் பார்த்துக்கொள்ளத்தான் பாரிஜாதம் இருக்கிறாளே, சத்தியம் செய்திருக்கிறாளே என்று மனம் ஆறுதல் சொன்னது. கையைக் கிள்ளிக்கொண்டாள். ஐயோ, தூங்கக் கூடாது, அந்தப் பெண் நம்பியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டாள். மெத்தை இதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அந்த இடுப்பையே நினைக்கலாம் என்று திரும்பிப் படுத்தாள்.

கண்காணிப்பாளர் வந்து தோளைத் தட்டியபோது மணி நாலு. தேய்மானி பச்சைப் பசேலென்று இருந்தது.

சாயங்காலம் அவள் வாசலிலேயே நின்றாள். ஆறு மணி ஆயிற்று, ஏழாயிற்று. திருமூர்த்தி ஒன்பதரைக்குத்தான் வந்தான். சோற்றைப் பிசைய வராமல் கரண்டி கேட்டான். பாரிஜாதமும் தூங்கிவிட்டாள் என்று வஞ்சிக்குப் புரிந்தது. அவள்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், கோபம் வரவில்லை.

மறுநாள் காலை நிறுத்தத்தில் இருவரும் ஒரே நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வண்டி வரும்வரை வேறு வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். இருவர் முகமும் நன்றாகத் தூங்கி எழுந்த முகமாகத் தெளிந்திருந்தது.