இன்ஜினைக் கொன்றது யார்?

அலறல் ஏரியின் நடுவிலிருந்து வந்தது!

பனிமூட்டத்தில் படகு தெரியவில்லை. புகை மட்டும் தெரிந்தது...

செண்பகனூருக்குக் கீழே ஒரு ரிசார்ட். அதற்குச் சொந்தமாக ஓர் ஏரி. ஏரியில் ஒரு பாய்மரப் படகு. காற்று எப்போதும் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்பதால் படகுக்குள் ஒரு டீசல் இன்ஜின்.

அது புதுமணத் தம்பதியோடு நட்டநடு ஏரியில் கொதித்து, செத்தது.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மாப்பிள்ளைதான் அலறினார் என்பதை இருவருமே மறுத்தார்கள்.

முதலாளி சுவாமிநாதன் போலீசுக்குப் போன் செய்தார். கொலை முயற்சி என்றார். கொலைகாரன் பெயரையும் அவரே சொன்னார். படகு மெக்கானிக் சஃபீர்! முந்தின நாள் லீவு கேட்டவன். கொடுக்காத கோபமாம்.

எஸ்.ஐ. மணிமேகலை ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

"ஏலே, நீயா செஞ்ச?"

"நான் செஞ்சா கரையிலயே நின்னுருக்குங்க மேடம். நடு ஏரியில நின்னா நீந்திப் போயி ரிப்பேர் பாக்கணும். அதுவும் என் சோலிதான்."

"வாய் ஜாஸ்தி. ஜாமீனுக்கு அது உதவாது. கழட்டு."

ஏரித் தண்ணீரை உறிஞ்சி இன்ஜினைக் குளிர வைக்கும் பம்ப். சஃபீர் மூடியைக் கழற்றினான்.

உள்ளே பிணம்!

தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம். பணியாரம் போல உப்பி, இறக்கைகள் பிய்ந்து கிடந்தது.

சஃபீரின் முகம் வெளுத்தது. போன வாரம்தான் புதிது போட்டானாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும் என்று சோப்புத் தண்ணீர் தடவித்தான் போட்டானாம்.

மணிமேகலை குனிந்து மோந்தாள்.

அடைத்திருந்த மூக்கு படாரென்று திறந்தது...

"தைலம்."

கொடைக்கானலில் தைலம் தடவாதவர் யார்? தலைவலிக்கும் அதுதான், முட்டிவலிக்கும் அதுதான். ஊரே சந்தேக வளையத்துக்குள் வந்தது.

அவள் முதலாளியிடம் திரும்பினாள். "சார், இன்ஜின்ல ஏதாச்சும் வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"கேக்குறீங்களே மேடம்! குளிருக்கு ஒரே இருமல். இவன் கண்டுக்கவே மாட்டான். நான்தான் தெனமும் வெள்ளனே வந்து, பம்புக்குத் தண்ணி போற வடிகட்டியத் தெறந்து, அரை பாட்டில் தைலம் விட்டுட்டுப் போவேன். நம்ம எஸ்டேட் சரக்கு... சுத்தமானது."



சுவாமிநாதன் பேசியதைச் சுவாமிநாதனே மெல்லப் புரிந்துகொண்டார்.

மணிமேகலை தொப்பியைச் சரிசெய்தாள். "கேஸ்ல பேர மட்டும் மாத்திக்கிறேன் சார். மத்ததெல்லாம் நீங்க சொன்னபடியே இருக்கட்டும்."

"மேடம்..." அவர் குரல் இறங்கியது. "ஜெனரேட்டரும் நேத்துலருந்து லேசாக் கமறுச்சு..."

ரிசார்ட்டின் விளக்குகள் மொத்தமாக அணைந்தன!

சுவாமிநாதன் சஃபீரைப் பார்த்தார்.

சஃபீர் ஸ்பானரைத் துடைத்து, நிதானமாகப் பைக்குள் வைத்தான்.

"மொதல்ல புகார வாபஸ் வாங்குங்க முதலாளி. குற்றவாளி எங்கயாச்சும் போஸ்ட்மார்ட்டம் பாப்பானா?"