கெப் ஓட்டி வந்தவை

ஆடுகள் எல்லாம் விலையாகிப் போய் மலைச்சரிவு வெறிச்சோடிக் கிடந்த நவம்பரில், ஒரு சாயங்காலம், கெப் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி கல்சுவருக்கு அப்பால் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இஷ்பெல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். புல்லைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

கெப் அவள் கணவன் ஆர்ச்சியின் நாய். கறுப்பும் வெள்ளையுமான பார்டர் கோலி, ஆட்டு மந்தை ஓட்டும் ஜாதி. வசந்தத்தில், ஆடுகள் குட்டி போடும் நேரத்தில், ஆர்ச்சி மலைமேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன்தான், எழவில்லை. தேடிப் போனவர்கள் பார்த்தபோது, அவனை எழுப்பி வீட்டுக்கு ஓட்டி வரப் பார்ப்பதுபோல் நாய் அவனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததாம். அதைக் கேட்டபோதும் இஷ்பெலுக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. உள்ளே யாரோ ஈரப் பஞ்சை அடைத்துவிட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் அவள். நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்துப் பண்ணை ரோனாதான் ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். உள்மயிர் சிக்குப் பிடிக்காமல் காதுக்குப் பின்னால் சீவிவிட வேண்டும், விரல் இடுக்கில் முள் பார்க்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது. இஷ்பெல் மரத்துப்போன கைகளால் எல்லாவற்றையும் செய்தாள். சீவும்போது நாய் அவள் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டது. ஆனால் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.

"கோலிய சும்மா வெச்சிருக்கக் கூடாதுடி" என்றாள் ரோனா. "நீ வேலை குடுக்கலன்னா அதுவே ஒண்ணத் தேடிக்கும். எங்கிட்ட இருந்த ஒண்ணு, கோழி எல்லாத்தையும் குளியலறைக்குள்ள ஓட்டி அடைச்சு வெச்சிருந்துச்சு. நான் துண்டோட நிக்கிறேன்."

கெப் தேடிக்கொண்டது. வெளிச்சம் சாம்பலாகிற நேரத்தில் சுவரைத் தாண்டிக் குதித்து, சரிவின் ஓரமாகப் பெரிய வளைவு எடுத்து உச்சிக்குப் போகும். அங்கே வயிறு தரையில் உரச ஒடுங்கி, இப்படியும் அப்படியுமாக நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மந்தையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கீழே இறக்கும். வீட்டுக்குப் பின்னால் உள்ள கல்பட்டியின் திறந்த வாசல்வரை கொண்டுவந்து, குறுக்கே படுத்துக்கொள்ளும். பழக்கம் விடவில்லை, பாவம் என்றுதான் இஷ்பெல் முதலில் நினைத்தாள். பிறகு ஒரு நாள் பனி உறைந்த புல்லில் அகலமாக ஒரு தடம் மிதிபட்டு இறங்கியிருந்ததைப் பார்த்தாள். இன்னொரு நாள், துணி எடுக்கக் கொல்லைக்குப் போனபோது, நனைந்த கம்பளியும் புழுக்கையும் கலந்த வாடை குப்பென்று அடித்தது. காற்றே இல்லை. பட்டிக்குள்ளிருந்து அசைபோடும் சத்தம் வந்தது. நிறைய வாய்கள், நிதானமாக. அவள் துணிகளை மடித்துக் கூடையில் வைத்தாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம்தான் எங்கோ தூரத்தில், வேறு யாருக்கோ நேர்வதுபோல் இருந்தது.

ரோனாவிடம் சொன்னதும், தன் நாயையும் ஏற்றிக்கொண்டு நேரில் வந்தாள். அந்த நாய் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இருக்கைக்கு அடியில் புகுந்து, மூத்திரம் பெய்துவிட்டது. ரோனா பட்டிப் பக்கம் போய்த் திரும்பினாள். முகத்தில் கேலி போயிருந்தது.

"கிளம்பு. எங்க வீட்ல இருந்துக்கலாம்."

"கெப்?"

"அத விடு, இஷ்பெல். அது உனக்காக வேலை பாக்கல."

"அப்ப யாருக்காம்?"

ரோனா வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணிமணி எடுத்து வைத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று இஷ்பெல் அவளை அனுப்பிவிட்டாள். பிடிவாதம் ஒன்றுமில்லை. மாடிப்படி ஏறிப் பெட்டி இறக்க அன்று உடம்பில் தெம்பில்லை.

மறுநாள் சாயங்காலம் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. கெப் மலைக்குப் போகவில்லை. அடுப்படிக்குள் வந்தது. தலையைத் தாழ்த்தியது.

அவளைப் பார்த்தது.

முதல் தடவையாக. இமைக்காமல்.

அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அதற்கு முன்பே நாய் அங்கே இருந்தது. வலப்பக்கம். அங்கேயும். அதட்டலாம் என்று வாயைத் திறந்தாள். நாய் ஓர் அடி வைத்தது. அவள் ஓர் அடி பின்வாங்கினாள். கொல்லைக் கதவு முதுகில் பட்டுத் திறந்துகொண்டது.

வெளியே குளிர். மங்கல். காலில் செருப்பில்லை, ஈரம் ஏறியது. எங்கிருந்தோ ஒரு சீட்டி, மெலிதாக, நீளமாக. ஆர்ச்சியின் சீட்டி இல்லை. நாய் சட்டென்று வேகம் மாற்றி அவளுக்குப் பின்னால் வந்தது. கெண்டைக்காலில் சூடான மூச்சு. ஓடினால் கடிக்கும். நடந்தாள்.

பட்டி வாசல்.

உள்ளே யாருமில்லை. கால் வைத்ததும் இரண்டு பக்கமும் ஈரக் கம்பளி வந்து அழுத்தியது. நெருக்கம். வெதுவெதுப்பு. மூச்சுகள். அவள் தொடையை முட்டி ஏதோ ஒதுங்கி இடம் விட்டது. அந்த இடத்தில் அவள் நின்றாள்.

பின்னால் கொண்டி விழுந்தது.

கெப் வாசலில் படுத்தது. இப்போது அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, மேலே, உயரமாக எதையோ பார்த்து வாலை ஆட்டியது.

மூச்சுகள் எல்லாம் ஒன்றாக நின்றன.

ஒரு கை வந்தது. நனைந்த முதுகுகளைத் தடவியபடி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. அவசரமில்லாமல். அவள் தலைக்கு வந்ததும் நின்றது. குளிர்ந்த விரல்கள் தாடையைப் பிடித்து நிமிர்த்தின. ஆட்டுக்கு வயது பார்ப்பதுபோல், கட்டைவிரல் அவள் உதட்டை விலக்கி, பல்வரிசை நெடுக மெல்ல ஊர்ந்தது.

இஷ்பெல் வாயைத் திறந்து காட்டினாள்.