முகப்பூட்டு

ஈப்போ திரைவிழா அரங்கிலிருந்து மக்கள் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார்கள். படத்தில் பாரந்தூக்கி ஓட்டும் பெண்ணாக நடித்த மதுஷா வாசலிலேயே நின்றிருந்தாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சீன அம்மாள் மட்டும் அவளிடம் வந்து, கழிவறை எந்தப் பக்கம் என்று விசாரித்துவிட்டுப் போனார். இரண்டு மணி நேரமாக அவளுக்காக அழுதவர் அவர்.

படத்தை இயக்கிய தர்வினி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் நிகர்முகக் கண்ணாடியின் வேலை. போட்டுக்கொள்பவரின் நிறத்தையும் முகவெட்டையும் அது ஒரு நொடியில் அளந்துகொள்ளும். பிறகு திரையில் வருகிறவர்கள் அத்தனை பேரையும் அவருடைய இனத்தாராக மாற்றிக் காட்டும். பேச்சும் அவர் வீட்டுப் பேச்சாகவே கேட்கும். கழற்றினால் திரையில் சாம்பல் மூட்டம்தான் தெரியும்.

இதைக் கேட்டு வாங்கியவர்களே அவளைப் போன்ற பெண்கள்தான். தர்வினி பள்ளியில் படித்த காலத்தில், ஓவியம் வரைபவர்களும் நாடகம் போடுபவர்களுமான இளம்பெண்கள் ஊர் ஊராகக் கூடி, எங்கள் முகம் எந்தத் திரையிலும் இல்லையே என்று கேட்டார்கள். கண்ணாடி நிறுவனம் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, எல்லார் முகத்தையும் எல்லாப் படத்திலும் வைத்துவிட்டது. அதற்குமேல் யாருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை.

தர்வினிக்குத் தோன்றியது. அவளோடு சேர்ந்துகொண்டவள் நோரிதா. தாப்பா மலைப்பக்கத்துப் பூர்வகுடிகளான செமாய் மக்களில் ஒருத்தி. அக்கா தங்கை இருவரைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதுதான் தர்வினி அவளைத் தேடிப்போய்ச் சிநேகம் பிடித்தாள். இருவரும் மற்றப் பெண் இயக்குநர்களைத் திரட்டினார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: முகப்பூட்டு. படம் எடுத்தவர் பூட்டிவிட்டால் கண்ணாடி அந்த முகங்களைத் தொடக்கூடாது.

திரைப்பட வாரியம் விசாரணைக்கு அழைத்தது. நிறுவனத்தின் சார்பில் சத்தியசீலன் என்பவர் வந்திருந்தார். வாதாடுவதற்கு முன்னால் என் படத்தில் ஒரு காட்சியைப் பார்த்துவிடுங்கள் என்று தர்வினி கேட்டுக்கொண்டாள். உறுப்பினர்கள் கண்ணாடி அணிந்து பார்த்தார்கள். முடிந்ததும், பாரந்தூக்கி ஓட்டும் பெண் எப்படி இருந்தாள் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். ஒருவர், வெளுத்த முகம், சின்னக் கண் என்றார். அடுத்தவர், தலையில் துணி கட்டியிருந்தாள், என் தங்கை சாடை என்றார். மூன்றாமவர் பூனைக்கண் என்று சொல்லும்போதே அறையில் சிரிப்பு பரவியது. பின்வரிசையிலிருந்து மதுஷா எழுந்து முன்னால் வந்தாள்.

வாரியத் தலைவர், "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"நீங்க இவ்வளவு நேரம் பார்த்தது இவங்களைத்தான்," என்றாள் தர்வினி.

சிரிப்பு நின்றது. மதுஷாவின் கரிய முகத்தை அவர்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் தலையைக் குனியாமல் நின்றாள்.

இடைவேளையில் சத்தியசீலன் தர்வினியிடம் தமிழில் தன்மையாகவே பேசினார். "பூட்டிட்டீங்கன்னா ஆளு வராதும்மா. அடுத்தவங்க முகத்தைப் பார்த்து யாரும் அழறதில்ல. அது தெரிஞ்சுதான் நாங்க இதைச் செஞ்சோம்."

"காட்டிப் பார்த்தாத்தானே சார் தெரியும்," என்றாள் அவள்.

முகப்பூட்டுக்கு அனுமதி கிடைத்தது. முதலில் பூட்டப்பட்ட படங்கள் தர்வினியும் நோரிதாவும் எடுத்தவைதான். தர்வினியின் படத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இடைவேளையோடு எழுந்து போனார்கள். அவள் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். போகிறவர்கள் மேல் கோபம்கூட வந்தது. அந்தக் கோபத்தோடேயே பக்கத்து அரங்கில் நோரிதாவின் படத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குழம்பியது. ஆற்றங்கரையில் மீன் சுடுகிறவள் அக்காவா, தங்கையா? சுருட்டை முடி, பரந்த மூக்கு, இருவரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். போன தடவை, பூட்டு வருமுன், அக்கா நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள், தங்கைக்கு ஒற்றைப் பின்னல். இன்னார் என்று பார்த்ததும் தெரிந்தது. தங்கை வீட்டைவிட்டுப் போகும் காட்சி வந்தது. போன தடவை தர்வினி உடைந்துபோன இடம். இப்போது கண் வறண்டிருந்தது. போகிறவள் யார் என்றே அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நோரிதா காத்திருந்தாள். எப்படி இருந்தது என்று மலாயில் கேட்டாள். அருமை என்ற சொல் தர்வினியின் நுனிநாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள். அக்காவும் தங்கையும் யார் யார் என்று கடைசிவரை பிடிபடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

நோரிதா அவளைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இருந்ததா என்றுகூடத் தர்வினிக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"அப்படின்னா முதல்ல பார்த்தப்போ அழுதியே," என்றாள் நோரிதா. "அது யாருக்காக?"

அடுத்த காட்சிக்கு மணி அடித்தது. தர்வினி நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். பாதி இருக்கைகள் காலி. முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்து, இந்தத் தடவை கதையை விட்டுவிட்டு முகங்களையே பார்த்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு ஒன்று பிடிபட்டது. சிரிக்கும்போது அக்காவுக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறுகிறது. தங்கைக்கு என்ன என்று தெரியவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள்.