ஒரு கிலோ கழிவு

மர்ஷூதா உசனாருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது முந்நூற்று நாற்பது ரூபாய். ஒரு சதம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பதினேழு தடவை அவள் தராசில் ஏறினாள். ஒரு தடவைக்கு இருபது ரூபாய். வெளியாள் யார் எதைக் கொண்டுவந்து நிறுத்துப் பார்த்தாலும் இருபது ரூபாய் தகரப்பேணிக்குள் விழ வேண்டும் என்பது கற்பிட்டியில் அந்த வெங்காய ஸ்டோர் முதலாளி வைத்த சட்டம். பதினேழு தடவையும் அந்த இருபது ரூபாயை உசனார்தான் தன் சட்டைப் பையிலிருந்து போட்டான்.

முதல் நாள் அவள் நிறுக்க வரவில்லை. நாய்க்குப் பயந்து வந்தாள்.

சுபஹுத் தொழுகை முடிந்து வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. தூறல். கோட்டைப் பக்கமிருந்து கறுப்பு அபாயாவும் வெள்ளைச் சப்பாத்துமாக ஒருத்தி ஓடி வந்தாள். பின்னால் இரண்டு நாய்கள். வந்த வேகத்தில் ஸ்டோர் வாசலில் இருந்த பெரிய தராசின் பலகையில் பாய்ந்து ஏறிவிட்டாள்.

தராசின் மறுபக்கம் உசனார் நின்றான். மூடை தூக்குகிறவன். நாட்டாமை என்பார்கள். பதினைந்து வருடப் பழக்கம்... பலகையில் பாரம் விழுந்தால் அவன் கை தானாகத் தண்டில் குண்டை நகர்த்தும், வாய் தானாகக் கூவும். அன்றைக்கும் கூவியது.

“எண்பத்தாறரை! கழிவு ஒண்டு... எண்பத்தஞ்சரை!”

நாய்கள்கூட நின்றுவிட்டன.

அவள் திரும்பிப் பார்த்தாள். இமையில் மழைத்துளி. அதற்குள்ளே இரண்டு பெரிய கண்கள்... நெருப்பாக.

“ஆரப் பார்த்துக் கூவுறீங்க? நான் என்ன வெங்காய மூடையா?”

“அல்லாஹ்வே... வாய்ப் பழக்கம் தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்க...”

“என்னத்துக்கு ஒரு கிலோ கழிச்சீங்க?”

“அது... சாக்குக்கு. எந்த மூடைக்கும் சாக்குக்கும் மண்ணுக்கும் ஒரு கிலோ கழிக்கிறது வழக்கம்.”

அவள் தன் அபாயாவைக் குனிந்து பார்த்தாள். “அப்ப இது உங்களுக்குச் சாக்கு!”

உசனார் வெட்கத்தில் செத்துப் போனான். ஆனால் அந்தக் கண்களின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதை அவன் பார்த்தான். சிரிப்புக்கு அடியில் ஒரு களைப்பு இருந்ததையும் பார்த்தான். அழகை அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. களைப்பைத் தெரியும்.

வியாழக்கிழமை அவள் திரும்பவும் வந்தாள்.

“இண்டைக்கு நாய் இல்லையே?”

“நிறுக்கணும் நானா. அந்த ஒரு கிலோவையும் சேர்த்துச் சொல்லுங்க. மெதுவா...” அவர்கள் பக்கம் அண்ணனை நானா என்பார்கள்.

மருந்துக் கடைத் தராசில் ஏறினால் பகல் பன்னிரண்டுக்குள் ஊர் முழுக்கக் கதை போய்விடும். இங்கே லொறி வரும்வரை யாருமில்லை. தராசின் பக்கம் முதுகைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். எண்ணைப் பார்க்கும் தைரியம் அவளுக்கில்லை. அவன் சொல்வதுதான் எண்.

துண்டு துண்டாக அவள் கதையும் அவனுக்குத் தெரிந்தது. வயது முப்பத்திரண்டு. நாலு இடம் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ஐந்தாவது மாப்பிள்ளை கட்டாரில் வேலை. அவனுடைய தாய் வந்து, வட்டிலப்பத்தை இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டு, “புள்ள தங்கமான புள்ள. மகன் வாறதுக்குள்ள ஒரு பத்துக் கிலோ குறைஞ்சா நிக்காஹ வச்சிரலாம்” என்று சொல்லிப் போனாள். அன்றிலிருந்து உம்மா தொழுகையில் ஸுஜூதில் விழுந்தால் எழும்புவதில்லை. அழுகைச் சத்தம் அறைக்கு வெளியே கேட்கும்.

இதுவும் போனால்... மர்ஷூதாவுக்கு அதற்கு அப்பால் யோசிக்க முடியவில்லை. அதனால் ஓடினாள்.

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டு கிலோ இறங்கியது. எண்பத்து நாலரை. “மாஷா அல்லாஹ்!” என்று உசனார் சொன்னபோது அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் அன்று முழுக்க மூடைகளோடு சேர்த்துச் சுமந்தான். பாரமாகவே இல்லை.

பிறகு தராசு அசைய மறுத்தது. அவள் இன்னும் ஓடினாள். சுபஹுக்குப் பிறகு கோட்டை வரை ஒரு தரம் போனது இரண்டு தரமாயிற்று. மாலை அஸருக்குப் பிறகு கயிறடித்துத் துள்ளுவது ஆயிரம். இரவு இஷாவுக்குப் பிறகு வீட்டு மாடிப்படி நூறு தரம். முழங்கால் வீங்கியது. எண்ணெய் பூசிக்கொண்டு ஓடினாள்.

தராசு அரைக் கிலோ ஏறியது.

“ஒண்டு சொல்லட்டுமா?” என்றான் உசனார்.

“சொல்லுங்க நானா.”

“நீங்க ஓடுறது கூடிப் போச்சு.”

“குறையலயே... அதான் கூட ஓடுறன்.”

“என்னப் பாருங்க. ஒரு நாளைக்கு இருநூறு மூடை ஏத்தி இறக்குறன். பாடுபட்டா மெலியலாம் எண்டா நான் இந்தக் காத்தில பறந்து உச்சமுனைத் தீவுக்குப் போயிருக்கணும். இந்தத் தொந்தி எங்கால வந்த?”

அவள் சிரிக்கவில்லை. அவன் விடவில்லை.

“வேலை கூடின நாளையில எனக்கு ரெண்டு றாத்தல் பாண் காணாது. திண்டுட்டு விழுந்தா விரல அசைக்கேலாது. நித்திரையும் ஒழுங்கா வராது, காலெல்லாம் உளையும். மழை நாளையில அரைநாள் வேலை... அண்டைக்கு அரைப் பாணோட வயிறு போதும் எண்டுரும். களிசான் தளருறது அண்டைக்குத்தான். நீங்க ஓடிட்டு வீட்ட போய் என்ன செய்றீங்க?”

மர்ஷூதா சப்பாத்து நுனியைப் பார்த்தாள். ஓடிவிட்டுப் போனால் வயிற்றுக்குள் பேய் புகுந்தது போலப் பசி. ஓடினேன்தானே என்று ஒரு ரொட்டி. ஓடினேன்தானே என்று இன்னொன்று. “களைச்ச புள்ள” என்று உம்மா தேத்தண்ணியில் டின்பாலைக் கவிழ்ப்பாள். பிறகு நடுப்பகல் லுஹர் வரைக்கும் கட்டை மாதிரிப் படுக்கை. முன்பெல்லாம் முற்றம் கூட்டுவாள், உடுப்புத் தோய்ப்பாள், கடைக்கு நடப்பாள்... இப்போது எதற்கும் உடம்பு எழும்புவதில்லை. ஓடுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவள் ஒரு மூடைதான்.

அது உண்மை என்பதால்தான் கோபம் வந்தது.

“நான் உங்களப் போல மூடை தூக்குற ஆளில்ல” என்றாள்.

உசனாரின் முகம் ஒரு கணம் அணைந்தது. “அது சரி” என்றான். அவ்வளவுதான். அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயிலிருந்து போன வார்த்தையைத் திருப்பி எடுக்க அவளுக்குத் தெரியவில்லை. விறுவிறென்று பலகையில் ஏறிக் கண்ணை மூடினாள். மூடிய இமைகள் நடுங்கின.

எண்பத்தஞ்சு.

அந்த எண் உசனாரின் தொண்டைவரை வந்தது. நடுங்குகிற இமைகளைப் பார்த்தான். பதினைந்து வருடத்தில் எந்த மூடைக்கும் ஒரு கிராம் பொய் சொல்லாதவன்...

“எண்பத்து நாலு” என்றான்.

ஒரு கிலோ கழிவு. சாக்குக்கு அல்ல. அந்த முகத்துக்கு.

சந்தோசம் வந்தால் ஓட்டத்தைக் குறைப்பாள், கொஞ்சம் ஓய்வெடுப்பாள் என்று அவன் கணக்குப் போட்டான். கணக்குப் பிழைத்தது. குறைகிறது என்று நம்பியவள் இன்னும் ஓடினாள். அடுத்த வாரம் கழிவு ஒன்றரை. அதற்கடுத்தது இரண்டு. பதினேழாம் தடவை நிறை எண்பத்தஞ்சரை. அவன் வாய் சொன்னது எண்பத்தொன்றரை.

“பத்தில அஞ்சு போயிட்டுது நானா!” என்றாள். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கண்கள் கழுவி வைத்தது போலிருந்தன. “உங்கட காசு முந்நூத்தி நாப்பது. நிக்காஹ் வீட்டுச் சாப்பாட்டோட சேர்த்துத் தருவன்.”

நிக்காஹ் என்ற சொல்லோடு அவள் திரும்பி ஓடினாள், ஒரு காலைச் சற்று இழுத்தபடி. உசனார் அன்று தூக்கிய ஒவ்வொரு மூடையும் பாறாங்கல்லாயிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. வியாழன், திங்கள், வியாழன்... சப்பாத்துச் சத்தம் கேட்கவில்லை. சங்கதி லொறிக்காரர் வாயால் வந்தது. மாப்பிள்ளையின் தாயும் மூத்த சகோதரியும் ஒரு கண்ணாடித் தராசை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போனார்களாம். எண்பத்தொன்றரை என்று உம்மா பெருமையாகச் சொன்னாளாம். நடு ஹோலில், பக்கத்து வீட்டுப் பொம்பிளைகளுக்கு முன்னால், புள்ளையை ஏற்றி நிறுத்தினார்களாம். எண்பத்தாறு.

“பருமன் எண்டாலும் பொறுக்கலாம். பொய்க்காரிய எப்பிடி எடுக்கிற?” என்று சொல்லித் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

உசனாருக்கு அன்று சோறு இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, வேலை முடிந்தும் பசிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிய அவள் வந்தாள். ஓடவில்லை. நொண்டிக்கொண்டு நடந்து வந்தாள். சப்பாத்து இல்லை, செருப்பு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மூன்று நூறு ரூபாய்த் தாளும் இரண்டு இருபது ரூபாய்த் தாளும் கையில்.

“எண்ணிப் பாருங்க” என்று அவன் கையில் வைத்தாள். நானா என்று சொல்லவில்லை.

“புள்ள...”

“ஏன் அப்பிடிச் செஞ்சீங்க? உங்களுக்கு நான் என்ன அநியாயம் செஞ்சன்? மூடை தூக்குற ஆள் எண்டு சொன்னதுக்கா?”

உசனார் உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்து வந்து நீட்டினான். மூடைக் கணக்குக் கொப்பி அல்ல, வேறு. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று எண்கள். நிறை. கழிவு. சொன்னது. கூவுகிற வாய் பொய் சொன்னாலும் எழுதுகிற கை பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே பெரிய எழுத்தில் ‘மர்... தா’ என்றிருந்தது.

“இது ஆரு?”

“நீங்கதான். எங்கட ஆக்கள மன்னாரால துரத்தினநேரம் எனக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடம் இல்ல. முப்பது வயசுக்குப் பிறகு சாக்கில அடிச்சிருக்கிற எழுத்துகளப் பார்த்துத்தான் படிச்சன்.” அவன் தலையைக் குனிந்தான். “நடு எழுத்து எந்தச் சாக்கிலயும் இல்ல.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் வென்றது. வெங்காய மூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“கிளினிக்கில நேர்ஸ் மிஸ்ஸியும் நீங்க சொன்னதத்தான் சொன்னா. அளவில்லாம ஓடினா பசி கூடும், மிச்ச நேரம் உடம்பு அசையாதாம். முழங்காலுக்கு ரெண்டு மாசம் ஓய்வாம். மெதுவா நடக்கட்டாம்... வயித்தைப் பார்த்துச் சாப்பிடட்டாம்... ஆருக்காக நடக்கிற? இனி ஆரு கேட்டு வரப் போறாங்க என்னை?”

தூறல் வலுத்தது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அவன் குரல் பாதிதான் கேட்டது.

“நான் கேட்டு வந்தா உங்கட வாப்பா கேற்றடியிலயே நிப்பாட்டுவார்.”

அவள் கையை விலக்கினாள். “என்ன சொன்னீங்க?”

“ஒண்டுமில்ல.”

“பொய் சொல்லாதீங்க. இனியும் பொய் சொல்லாதீங்க.”

உசனார் மழையைப் பார்த்தபடி சொன்னான். “ரெண்டு தங்கச்சிமாரக் கரை சேர்க்கிறதுக்குள்ள நாப்பது வயசாப் போச்சு. கையில ஒண்டுமில்ல. நாட்டாமைக்கு ஆரும் புள்ள குடுக்க மாட்டாங்க எண்டும் தெரியும். அண்டைக்கு நாய்க்குப் பயந்து ஏறினீங்களே... அண்டைக்கே என்ட மனசு உங்களோட போயிட்டுது. நீங்க அழாம இருந்தாப் போதும் எண்டுதான் கழிச்சன். கடைசியா அழ வச்சது நான்தான்.”

அவள் கொப்பியின் பக்கங்களைப் புரட்டினாள். நாளைக்கும் உம்மா அழுவாள். ஊர் கதைக்கும். முழங்கால் வலிக்கும். எதுவும் மாறப் போவதில்லை... பிறகு கொப்பியை மடியில் வைத்து, அவன் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தின் வெறும் இடத்தில் ‘ஷூ’ என்று எழுதினாள்.

“இதான் அந்த எழுத்து.”

எழும்பி, கொப்பியையும் பென்சிலையும் அவனிடம் கொடுத்துவிட்டு, நொண்டியபடி பலகையில் ஏறினாள். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. கண்ணையும் மூடவில்லை. அவனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கூவுங்க. மூடைக்குக் கூவுறது போல.”

அவன் தண்டில் குண்டை நகர்த்தினான்.

“எண்பத்தாறு!” அவன் குரல் உடைந்தது. “கழிவு... இல்ல. எண்பத்தாறும்... எனக்கு வேணும்.”

அவள் கண்ணிலிருந்து ஒரு துளி பலகையில் விழுந்தது. தராசு அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

“வாப்பா கேற்றடியில நிப்பாட்டினா...” என்றாள் மெதுவாக, “நிப்பாட்டின இடத்திலயே நில்லுங்க. போயிராதீங்க.”

உசனார் தலையசைத்தான். ஐந்து தாள்களையும் அவள் கைக்குள் திருப்பி வைத்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முந்நூற்று நாற்பது என்று எழுதியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தான்.

“திரும்பவும் கழிச்சிட்டீங்களா?”

“ஓம்” என்றான். “கடன மட்டும்.”