பெரியம்மா வேனின் முள்

அந்த வீட்டில் வேனுக்குப் பெயர் பெரியம்மா. அம்மாவைவிட வயதில் மூத்த வேனுக்கு வேறு என்ன பெயர் வைப்பதாம்?

பெரியம்மாவிடம் எந்த வேலையும் சும்மா நடக்காது. கதவு திறக்க ஓர் இடி. ஹாரன் அடிக்க ஒரு குத்து. வைப்பர் ஆட வேண்டுமென்றால் கண்ணாடியைத் தட்டி, "ஆடித் தொலையேன்!" என்று ஓர் அதட்டலும் போட வேண்டும். அந்த வேனில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளை.

அந்த முள்தான் அன்று காலையில் வீட்டைக் கலக்கிவிட்டது.

"டேய்! இங்க வாடா!"

வேனுக்குள்ளிருந்து அம்மா போட்ட சத்தத்தில், வேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து ஓடியே போய்விட்டது.

அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான். அவன் பின்னாலேயே தங்கை சுண்டெலியும் வந்தாள். சுண்டெலிக்குப் பத்து வயது. எந்த இடுக்கிலும் நுழைந்து வெளியே வந்துவிடுவாள் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவள் சுண்டெலிதான்.

"நேத்து மத்தியானம்தான் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டேன். இப்போ பாரு, முள்ளு அடியில கிடக்கு! ஆஸ்பத்திரிக்குத் துணி கொடுத்துட்டு வான்னுதானே அனுப்பினேன்? எங்கெல்லாம் ஊர் சுத்தினே?"

"எங்கேயும் சுத்தலம்மா! போனேன், கொடுத்தேன், வந்தேன்."

"அப்போ பெட்ரோலை யாரு குடிச்சா? பூனையா?"

சலவை செய்த போர்வைகளையும் விரிப்புகளையும் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அம்மாவின் வேலை. அண்ணன் இப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தான். நேற்றுதான் முதன்முதலாகத் தனியாக வேனை ஓட்டினான். "நாளையிலேர்ந்து காலையில துணி கொண்டுபோற நடை உன்னுது" என்று அம்மா சொல்லியிருந்தாள். அதற்காக அவன் சட்டையைக்கூட இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருந்தான்.

அம்மா சாவியைத் தன் பைக்குள் போட்டாள். "இனிமே இந்தச் சாவிப் பக்கம் வந்தே, தெரியும் சேதி! பெட்ரோல் போனாப் போகுது. பொய் சொல்றே பாரு, அதைத்தான் தாங்க முடியலை."

அவள் துணி மூட்டைகளை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. சுண்டெலிக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நான் உன்னை நம்புறேன்" என்றாள்.

"போ. சும்மா சொல்றே."

"நிஜமாத்தான். உனக்குப் பொய்யே சொல்ல வராதே. என் பிஸ்கட்டைத் திருடித் தின்னுட்டு, நீயே வந்து 'நான்தான் தின்னேன்'னு சொன்ன ஆளு நீ."

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.

சுண்டெலி உட்காரவில்லை. சட்டென்று வேனுக்கு அடியில் புகுந்தாள். தரை காய்ந்து கிடந்தது. பெட்ரோல் வாசனையும் இல்லை.

"ஒழுகலை" என்று அடியிலிருந்தே அறிவித்தாள். "அண்ணா, டேங்க்ல எவ்வளவு இருக்குன்னு முள்ளுக்கு எப்படித் தெரியும்? எட்டிப் பார்க்குமா?"

"டேங்குக்குள்ள ஒரு பந்து மிதக்கும். பந்து மேல இருந்தா முள்ளும் மேல. பந்து இறங்கினா முள்ளும் இறங்கும்."

"நம்ம ஃபிளஷ் தொட்டியில இருக்கே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட அதேதான்."

வேனுக்கு அடியில் 'ணங்'கென்று ஒரு சத்தம். சுண்டெலி அவசரமாக எழுந்து தலையை இடித்துக்கொண்டாள்.

"அண்ணா! போன மாசம் ஃபிளஷ் தொட்டி நாள் முழுக்க வழிஞ்சுதே, ஞாபகம் இருக்கா? நான்தான் கைப்பிடியைச் சரியா விடலைன்னு அம்மா என்னைப் போட்டுத் திட்டினாங்களே?"

"ஆமா. அப்புறம் பிளம்பர் வந்து..."

"பந்தைக் கழட்டி ஆட்டிப் பார்த்தாரு. உள்ள களக் களக்னு தண்ணி! பந்துல ஓட்டை. தொட்டி நிறைய தண்ணி இருந்தும் பந்து முங்கிப்போய்க் கிடந்துச்சு!"

அண்ணன் எழுந்தான். "அப்போ பெரியம்மா பந்தும்..."

"வேனை ஆட்டு. நான் கேட்கிறேன்."

சுண்டெலி தலையைத் தடவிக்கொண்டே டேங்க்கில் காதை வைத்தாள். அண்ணன் பின்பக்கக் கம்பியைப் பிடித்து வேனை முன்னும் பின்னும் அசைத்தான். பெரியம்மா கிரீச் கிரீச்சென்று முனகினாள்.

முனகலுக்கு நடுவே உள்ளே ஏதோ கேட்டது. சளக்... சளக்...

மூட்டையோடு வெளியே வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். "என்னடி கூத்து இது?"

"பெரியம்மா வயித்துல நிறைய இருக்கும்மா! முள்ளுதான் பொய் சொல்லுது!"

"அண்ணனுக்கு வக்காலத்தா?"

"சரி, நம்பாதே. எப்படியும் இப்போ பங்க்குக்குத்தானே போறே? டேங்க் காலின்னா நிறைய குடிக்கும். கொஞ்சத்திலேயே நிறைஞ்சுதுன்னா பந்துதான் ஓட்டை. சரியா?"

அம்மா மூட்டையை வேனில் போட்டாள்.

"ஏறு" என்றாள். "நீயும் ஏறுடா."

போகும் வழியெல்லாம் சுண்டெலிக்கு அதே யோசனைதான். தான் கேட்டது பெட்ரோல் சத்தம்தானா? காலியாக இருந்துவிட்டால் அண்ணன் கதி என்ன ஆகும்?

"ஃபுல் பண்ணுங்க" என்றாள் அம்மா.

பங்க்கில் இருந்த அக்கா குழாயை வேனில் செருகினாள். எண்கள் ஓடத் தொடங்கின. சுண்டெலி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

டக்!

குழாய் தானாக நின்றுவிட்டது. அக்கா மறுபடி அழுத்தினாள். டக்!

"கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கே! இதுல எங்கே ஊத்தறது?" என்று சிரித்தாள் அவள்.

அம்மா முள்ளைப் பார்த்தாள். அது இன்னும் அடியில்தான் கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினாள். அசையவில்லை.

"அடிப்பாவி பெரியம்மா!" என்றாள். அப்படியே ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. "அப்பாடா! நீ பொய் சொல்லலைடா. எனக்கு அது போதும்."

"நான்தான் அப்போவே சொன்னேனேம்மா."

"சொன்னே. நான்தான் காது கொடுக்கலை. தப்பு என்னுதுடா."

பையிலிருந்து பெட்ரோலுக்குக் காசை எடுத்துக் கொடுத்தாள். பிறகு சாவியைக் கழற்றி அண்ணன் கையில் வைத்துவிட்டு, பக்கத்து இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அண்ணன் ஸ்டியரிங் பக்கம் ஏறி, கதவை ஓர் இடி இடித்துச் சாத்தினான். அன்றைய நடையை அவனே ஓட்டி முடித்தான். இஸ்திரி போட்ட சட்டைதான் வீட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் மெக்கானிக் கடையில் நிறுத்தினார்கள். மெக்கானிக் பழைய பந்தைக் கழற்றி ஆட்டிக் காட்டினார். களக் களக்! பெட்ரோலை வடித்து, பந்தைத் துடைத்து சுண்டெலியிடம் கொடுத்தார். "கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் இது" என்றார்.

சுண்டெலி பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது.

"அம்மா."

"என்னடி?"

"அந்த ஃபிளஷ் தொட்டிக்கு நீ என்கிட்ட 'தப்பு என்னுது'ன்னு சொல்லவே இல்லையே."

"அது போன மாசம்டி!"

"பரவாயில்லை. இப்போ சொன்னாலும் வாங்கிக்கிறேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மெக்கானிக்கும் சிரித்தார். அம்மா சுண்டெலியை இழுத்து, இடிபட்ட அவள் தலையைத் தடவிக்கொண்டே, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அதுவும் என் தப்புதான், தாயே!"